டபுள்ஸ் கேரம்: தனியா ஆடினா ஜெயிக்கிறோம், ஜோடியா உக்காந்தா தோக்கிறோம்

தேவனாம்பட்டினம் ஜோடி — 8 டிசம்பர் 2024

பொங்கலுக்கு எங்க தெருவுல டபுள்ஸ் கேரம் போட்டி. 16 ஜோடி, ரெண்டு போர்டு. நானும் என் பார்ட்னரும் சிங்கிள்ஸ்ல நல்லா ஆடுறவங்கதான். ஜோடியா உக்காந்தா மட்டும் மண்ணைக் கவ்வுறோம். என் கணக்குப்படி வேகம் பத்தல. எதிராளி மூச்சு விடுறதுக்குள்ள டக்கு டக்குன்னு அடிச்சுத் தள்ளினா ஜெயிச்சிடலாம்னு நினைக்கிறேன். சரிதானா? அப்புறம், ஃபெஞ்சல் மழைக்குப் பிறகு போர்டு கிரைண்டர் கல்லு மாதிரி ஆயிடுச்சு. காயின் பாதி வழியிலேயே நின்னுடுது. அதுக்கும் வழி சொல்லுங்க.

பழைய ஸ்ட்ரைக்கர் — 8 டிசம்பர் 2024, இரவு

வேகம் காரணம் இல்ல தம்பி. ஸ்ட்ரைக்கர் கைக்கு வந்து 15 வினாடிக்குள்ள அடிச்சாகணும்னு விதியே இருக்கு. அந்த 15 வினாடியில ஆற அமர அடிக்கலாம். யோசனையை அதுக்கு முன்னாடி முடிச்சிருக்கணும். மத்த மூணு பேரு அடிக்கும்போது சும்மா வேடிக்கை பார்த்துட்டு, நம்ம முறை வந்ததும் போர்டை மொத்தமா படிக்க ஆரம்பிக்கிறவங்கதான் அவசரப்பட்டு மைனஸ் வாங்குவாங்க, அதாவது தண்டமா ஒரு காயினைத் திரும்ப வெளிய வைக்க விடுவாங்க.

தோக்கிறதுக்குக் காரணம் முறை சுத்துற வரிசை. சிங்கிள்ஸ்ல நீங்க விட்டதை எதிராளி தொடுவார், அடுத்து திரும்ப நீங்கதான். டபுள்ஸ்ல முறை வலது பக்கமா போகும். உங்களுக்கு அப்புறம் வலது கைப் பக்கத்து எதிராளி, அப்புறம் எதிர்ல இருக்கிற பார்ட்னர், அப்புறம் இடது கைப் பக்கத்து எதிராளி. நீங்க தப்பவிட்ட காயினை அடுத்து அடிக்கப்போற உங்க ஆளு பார்ட்னர், அதுவும் எதிர்ப் பக்கத்துலேர்ந்து. உங்களுக்கு வாகா நிறுத்தி வச்சா அவருக்கு வாகா இருக்காது. சிங்கிள்ஸ் பழக்கத்துல எல்லாரும் இதைத்தான் கோட்டை விடுறாங்க.

கடலூர்க்காரர்ங்கிறதால இப்படி வச்சுக்குங்க. நீங்க தெற்கே, சிதம்பரம் பக்கம் உக்காந்திருக்கீங்க. வலது கையில கடல். எதிர்ல பாண்டி, உங்க பார்ட்னர். இடது கையில பண்ருட்டி. முறை சிதம்பரம், கடல், பாண்டி, பண்ருட்டின்னு சுத்தும். ஒவ்வொருத்தருக்கும் எதிர்ப் பக்கத்து ரெண்டு மூலைக் குழியும்தான் நேரா அடிக்க வசதி. தன் மடியில இருக்கிற ரெண்டு மூலையும் சங்கடம், ஏன்னா காயின் பேஸ் லைனுக்கு, அதாவது ஸ்ட்ரைக்கர் வைக்கிற கோட்டுக்கு, பின்னாடி போயிடும். அதனால சிதம்பரம் பக்கத்து ரெண்டு மூலையிலயும் நம்ம காயின் போய் நின்னா உங்களுக்குத் தொல்லை, பாண்டிக்காரருக்கு விருந்து. விழாதுன்னு தெரிஞ்ச காயினை அந்தப் பக்கமா மெதுவா நகர்த்திவிடுங்க.

போர்டு விஷயம் நாளைக்கு.

பழைய ஸ்ட்ரைக்கர் — 9 டிசம்பர் 2024

போர்டு நனைஞ்சுதா, இல்ல வெறும் ஈரக்காத்து பட்டதா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

முதல்ல வெறும் ஈரக்காத்துன்னு வச்சுக்குவோம். நம்ம கடலோரத்துல கார்த்திகை, மார்கழியில எந்த போர்டும் இழுக்கத்தான் செய்யும். மேல இருக்கிற பழைய பவுடர் ஈரத்தை வாங்கி மெல்லிசா ஒரு தோல் மாதிரி படிஞ்சிருக்கும். அதுக்கு மேல புதுப் பவுடரைக் கொட்டினா மாவு பிசைஞ்ச கதைதான். பழசை முழுசா எடுக்கணும். நல்லாத் துவைச்சு வெயில்ல காய்ஞ்ச பழைய வேட்டித் துணி போதும். தண்ணி தொடவே கூடாது. உலர்ந்த துணியால ஓரத்துலேர்ந்து குழியைப் பார்த்துத் தள்ளித் துடைங்க. சட்டத்தோட உள் விளிம்புல, பலகையும் மரமும் சேர்ற இடத்துல, பவுடர் கட்டி நிக்கும். அதைத் தீக்குச்சி முனையால சுரண்டி எடுங்க. ரீபவுண்ட் அடிக்கும்போது காயின் ஒரு பக்கமா பிச்சிக்கிட்டுப் போறதுக்கு முக்காவாசி அந்தக் கட்டிதான் காரணம்.

பவுடர்னா போரிக் பவுடர். முகத்துக்குப் போடுற பவுடரைத் தொடாதீங்க. அது பலகையில அப்பிக்கும், ரெண்டு ஆட்டத்துல வழவழப்பு போய் பிசுபிசுன்னு ஆயிடும். போரிக் பவுடரையும் டப்பாவுலேர்ந்து அப்படியே கொட்டக்கூடாது. காகிதத்துல பரப்பி ஒரு அரை மணி நேரம் வெயில்ல வச்சு, மெல்லிய பருத்தித் துணியில சின்ன மூட்டையா கட்டிக்குங்க. மூட்டையைத் தட்டினா மாவு மாதிரி சன்னமா உதிரும், கட்டி உள்ளேயே தங்கிடும். ஒரு போர்டுக்கு மூணு விரல்ல எடுக்கிற அளவு நாலு சிட்டிகைக்கு மேல வேண்டாம். நடு வட்டத்தைச் சுத்தி ரெண்டு, ரெண்டு பேஸ் லைன் பக்கம் ஒவ்வொண்ணு. பிறகு ஸ்ட்ரைக்கரையே உள்ளங்கையில அழுத்தி வட்டமா தேய்ச்சுப் பரப்புங்க. வாயால ஊதாதீங்க. எச்சில் ஈரம் ஒண்ணு, பவுடர் மூக்குல ஏறும் ரெண்டு.

போதுமான்னு எப்படிப் பார்க்கிறது? 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஒரு பக்கத்துலேர்ந்து முழு பலத்தோட நேரா அடிச்சா, போய் வந்து போய் வந்து மூன்றரை ஓட்டம் ஓடணும். அதுதான் போட்டிப் பலகைக்கான அளவுகோல். ரெண்டு ஓட்டத்துல நின்னா பலகை இன்னும் ஈரம்.

வீட்டுக்காரங்க சார்பா ஒண்ணு. கரப்பான் பூச்சிக்கு மைதாவுல உருட்டி வைக்கிறாங்களே, அதே சரக்குதான் இது. போர்டுல கை வச்சுட்டு அப்படியே பஜ்ஜி எடுக்கிற பழக்கம் எல்லாத் தெருவுலயும் இருக்கு. கையைக் கழுவிட்டு எடுங்கப்பா.

முத்தியால்பேட்டை — 9 டிசம்பர் 2024, இரவு

அண்ணா, பல்பை விட்டுட்டீங்களே. முன்னெல்லாம் போர்டுக்கு மேல தொப்பி வச்சு 60 வாட், 100 வாட் குண்டு பல்பு தொங்கும். அந்தச் சூட்டுல பலகையும் பவுடரும் சாயங்காலம் முழுக்க காய்ஞ்சுக்கிட்டே இருக்கும். இப்ப எல்லாரும் எல்இடி மாட்டிட்டாங்க. வெளிச்சம் பளிச்சுன்னு இருக்கு, பலகையில சூடே இல்ல. "அந்தக் காலத்துப் போர்டு மாதிரி வராது"ன்னு புலம்புறவங்க பாதிப் பேருக்கு வித்தியாசம் மரத்துல இல்ல, பல்புல இருக்கு.

பழைய ஸ்ட்ரைக்கர் — 10 டிசம்பர் 2024

ஒத்துக்கிறேன். எனக்கே இது தோணல. பழைய குண்டு பல்பு தான் வாங்குற கரண்ட்டுல முக்காவாசிக்கு மேல சூடாத்தான் வெளிய விடும். ஒரு திருத்தம் மட்டும்: பல்பை பலகைக்கு ரொம்பக் கிட்ட இறக்காதீங்க. நடுவுல மட்டும் சூடேறினா பலகை நடுவுல வில்லா வளையும். உக்கார்ற ஆளோட கண்ணு கூசாத உயரத்துல தொப்பியோட விளிம்பு இருந்தா சரி. குண்டு பல்பு கிடைக்கலைன்னா ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போர்டை ஃபேன் காத்துல நிமிர்த்திச் சாய்ச்சு வைங்க, ரெண்டு பக்கமும் காத்துப் படட்டும். ஆட ஆரம்பிச்சதும் ஃபேனை நிறுத்திடணும். இல்லன்னா பவுடர் ஒரே மூலையில போய்ச் சேர்ந்துக்கும்.

தேவனாம்பட்டினம் ஜோடி — 10 டிசம்பர் 2024

நனைஞ்சதுதான் அண்ணா. ஒரு போர்டு மாடியில, சாரல்ல. இன்னொண்ணு மன்றத்துல, தென்பெண்ணைத் தண்ணி உள்ள வந்தப்ப ஒரு ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடந்தது.

பழைய ஸ்ட்ரைக்கர் — 10 டிசம்பர் 2024, இரவு

மூழ்கினது அநேகமா போச்சு. ஆனா அடக்கம் பண்றதுக்கு முன்னாடி நாடி பிடிச்சுப் பாருங்க. விரல் கணுவால பலகை முழுக்க ஒரு சாண் இடைவெளியில தட்டிக்கிட்டே வாங்க. கெட்டிச் சத்தம் வந்தா பிளைவுட் அடுக்கு ஒட்டி இருக்கு. பொக்குன்னு பப்படம் மாதிரி சத்தம் வர்ற இடத்துல அடுக்கு பிரிஞ்சு போச்சு. குழி ஓரத்துல மட்டும்னா தப்பிக்கலாம். நடு வட்டத்துக்குள்ளயோ பேஸ் லைன்லயோ பொக்கு இருந்தா அந்தப் போர்டு பசங்களுக்கு விளையாட மட்டும்தான் ஆகும்.

சாரல்ல நனைஞ்சதுக்கு வெயில் காட்டாதீங்க. ஒரு பக்கம் சூடேறினா வளைஞ்சிடும். நிழல்ல நாலு செங்கல் மேல மட்டமா வச்சு, மேலயும் கீழயும் காத்துப் போக விட்டு, சட்டத்தோட நாலு மூலையிலயும் சம எடை ஏத்துங்க. பலகை மேல எடை வைக்காதீங்க, சட்டத்து மேல. அஞ்சாறு நாள் ஆகும். காய்ஞ்சதும் மூலைக்கு மூலை நூல் பிடிச்சுப் பாருங்க, கொத்தனார் பார்க்கிற மாதிரி. நூலுக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு காயின் கனத்துல பாதி சந்து இருந்தாலும் மெதுவா அடிக்கிற காயின் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமான்னு கேப்பீங்க. வேண்டாம். மேல இருக்கிற வார்னிஷ் போனா அடுத்த மழைக்குப் பலகை ஈரத்தை நேரா குடிக்கும்.

ஸ்டேண்டுல வச்சப்புறம் ரசமட்டம் வச்சு ரெண்டு திசையிலயும் பாருங்க. மாடித் தளத்துல மழைத்தண்ணி ஓட வாட்டம் விட்டுத்தான் கட்டியிருப்பாங்க, அதனால மாடியில எந்த ஸ்டேண்டும் மட்டமா நிக்காது. கால் அடியில மடிச்ச அட்டை வைங்க.

வில்லியனூர் டபுள் கட் — 12 டிசம்பர் 2024

முதல் நாள் சொன்ன மூலைக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. சிதம்பரம் பக்கத்து ரெண்டு மூலையும் பாண்டிக்கு விருந்துன்னு சொன்னீங்க. ஆனா பாண்டி அடிக்கிறதுக்கு முன்னாடி கடல் அடிப்பான். கடலுக்கு எதிர்ப் பக்கம் பண்ருட்டி. அப்போ சிதம்பரம்-பண்ருட்டி மூலை அவனுக்கும் நேர் குழி. நீங்க அங்க கொண்டுபோய் வச்ச காயினை அவன் ஒரே தட்டுல கலைச்சிடுவான். விருந்துக்கு இலை போட்டது நீங்க, எடுத்துட்டுப் போறது அவன்.

சிதம்பரம்-கடல் மூலை மட்டும்தான் பாதுகாப்பு. அது கடல்காரன் மடியில இருக்கு. அவனால நேரா அடிக்க முடியாது, பாண்டிக்கு நேர் குழி. ஆக உங்க வலது கைப் பக்கத்து மடிக் குழிதான் பார்ட்னருக்கான உண்டியல். இடது மடிக் குழி இல்ல.

பழைய ஸ்ட்ரைக்கர் — 12 டிசம்பர் 2024

சரி. அவசரத்துல ரெண்டு மூலையையும் ஒரே கட்டா கட்டிட்டேன். திருத்திக்குங்க: பார்ட்னருக்கு விடுற காயின் வலது மடிக் குழிக்கு.

பின்னால இழுத்து கட்டை விரலால அடிக்கத் தெரிஞ்ச எதிராளி இருந்தா அந்த உண்டியலும் உடையும். கட்டை விரல் ஷாட் சர்வதேச விதியில செல்லும், "அது ஃபவுல்"னு தெருவுல சண்டை போடாதீங்க.

பழைய ஸ்ட்ரைக்கர் — 13 டிசம்பர் 2024

ராத்திரி காயினை அடுக்கிப் பார்த்தேன். இடது மடிக் குழி சமாசாரம் முழுக்கத் தப்பும் இல்ல. ரெண்டு விதமா நிக்கலாம். குழியிலேர்ந்து நாலு விரக்கடை தள்ளி நின்னா வில்லியனூர்க்காரர் சொன்ன மாதிரி கடல் கலைச்சிடுவான். ஆனா குழி வாயிலேயே, பாதி காயின் காத்துல தொங்குற மாதிரி ஒட்டி நின்னா கதை வேற. கடலுக்கு இருக்கிறதே ரெண்டு நேர் குழி, பண்ருட்டியோட வடக்கு மூலையும் தெற்கு மூலையும். அதுல தெற்கு மூலையை நம்ம காயின் அடைச்சுக்கிட்டு நிக்குது. அவன் தன் காயினை அங்க அடிச்சா நம்ம காயின்தான் முதல்ல உள்ள விழும். நம்ம காயின் விழுந்தா நமக்குக் கணக்கு, அவன் காயின் விழலைன்னா முறையும் போச்சு. கலைக்கணும்னா அவன் ஒரு முறையை அதுக்குன்னே செலவழிக்கணும், அதுவும் வாயில தொங்குற காயினை உள்ள தள்ளாம வெளிய எடுக்கிறது லேசு இல்ல.

அதனால: வலது மடிக் குழி உண்டியல், இடது மடிக் குழி வாய்ப்பூட்டு. உண்டியல்ல கொஞ்சம் தள்ளி நின்னாலும் பரவாயில்ல. பூட்டு ஒட்டி நிக்கணும், இல்லன்னா பூட்டே இல்ல.

வில்லியனூர் டபுள் கட் — 13 டிசம்பர் 2024

பூட்டு சரி. ஆனா பூட்டுப் போடுற அளவுக்கு மெதுவா அடிக்க வர்றவன் காயினை உள்ளேயே போட்டிருப்பானே!

பழைய ஸ்ட்ரைக்கர் — 13 டிசம்பர் 2024

அதுவும் வாஸ்தவம்.

உருளையன்பேட்டை — 15 டிசம்பர் 2024

எங்க தெருவுல முறை இடது பக்கமா சுத்தும். சீட்டாட்டப் பழக்கம்.

பழைய ஸ்ட்ரைக்கர் — 15 டிசம்பர் 2024

அப்ப உண்டியலையும் பூட்டையும் இடம் மாத்திக்குங்க. போட்டியில வலதுதான். முதல் போர்டுக்கு முன்னாடியே நடுவர்கிட்ட சத்தமா கேட்டுடுங்க. பாதி ஆட்டத்துல தெரிஞ்சா மொத்தத் திட்டமும் தலைகீழ்.

தேவனாம்பட்டினம் ஜோடி — 19 டிசம்பர் 2024

உண்டியல் வேலை செய்யுது. ஆனா மைனஸ் ஏறுது. ஸ்ட்ரைக்கர் குழியில விழுந்துக்கிட்டே இருக்கு. பார்ட்னர் 20 கிராம் ஸ்ட்ரைக்கர் வாங்கியிருக்கார், கனமா இருந்தா நேரா போகும்னு.

பழைய ஸ்ட்ரைக்கர் — 19 டிசம்பர் 2024

அதைப் பேப்பர் வெயிட்டா வச்சுக்கச் சொல்லுங்க. விதிப்படி 15 கிராமுக்கு மேல போகக்கூடாது, விட்டம் 4.13 சென்டிமீட்டருக்கு மேல கூடாது. கடையில டப்பா மேல போட்டிருக்கிற எடையை நம்பாதீங்க. தெரிஞ்ச நகைக்கடை இருந்தா தராசுல வச்சுப் பாருங்க. காயின் 5லேர்ந்து 5.5 கிராம்தான். 20 கிராம்னா காயினைப் போல நாலு மடங்கு. இடிச்சப்புறமும் ஸ்ட்ரைக்கர் நல்ல வேகத்தோட காயின் பின்னாடியே ஓடும். நேர் ஷாட்டுல காயின் குழிக்குப் போனா ஸ்ட்ரைக்கரும் அதே குழிக்குத்தான் போகும்.

குழியோட விட்டம் 4.45 சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கருக்கும் குழிக்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஓரமா வந்தா விழாது, நடுவுல வந்தா மட்டும் விழும். அதனால முழு நேர் ஷாட்டைத் தவிர்த்து, பேஸ் லைன்ல ஒரு விரல் தள்ளி வச்சுக் கொஞ்சம் கட் பண்ணி அடிங்க. காயின் குழிக்குப் போகும், ஸ்ட்ரைக்கர் சட்டத்துல மோதி விலகிடும். நேராத்தான் அடிக்க முடியும்னா, காயின் குழியில விழற அளவுக்கு மட்டும் பலம் கொடுங்க. காஞ்ச போர்டுல அதுக்குச் சுண்டு விரல் பலம் போதும். ஈரப் போர்டுல ஓங்கி அடிச்சுப் பழகின கை, போர்டு காய்ஞ்சதும் மைனஸ் வாங்கத்தான் செய்யும். உங்க கதையும் பாதி அதுதான்னு தோணுது. போர்டைச் சரி பண்ணிட்டீங்க, கையை இன்னும் மாத்தல.

ஸ்ட்ரைக்கர் மட்டும் விழுந்தா ஒரு காயின் மைனஸ், முறையும் போகும். சொந்தக் காயினோட சேர்ந்து விழுந்தா அந்தக் காயினும் மைனஸ் ஒண்ணும் வெளிய வரும், ஆனா முறை தொடரும். தெருவுல பல பேரு இந்த ரெண்டாவதுல முறையைப் பறிச்சுடுவாங்க. விட்டுக் கொடுக்காதீங்க.

முத்தியால்பேட்டை — 20 டிசம்பர் 2024

மைனஸ் காயினை எதிரணிதான் வெளி வட்டத்துக்குள்ள வைக்கணும். எல்லாரும் நேரா நடுவுல வச்சுட்டுப் போயிடுறாங்க. அந்த வட்டம் 17 சென்டிமீட்டர் அகலம், அதுக்குள்ள நம்ம இஷ்டம். நம்ம காயினுக்கு முதுகு காட்டி ஒட்டினாப்ல வச்சா, அதை எடுக்க அவங்க நம்ம காயினை முதல்ல நகர்த்தணும். டபுள்ஸ்ல இன்னொண்ணும் பார்க்கணும்: அடுத்து அவங்கள்ல யார் அடிக்கப் போறாங்களோ, அந்த ஆளுக்கு மறைவா வைக்கணும்.

தேவனாம்பட்டினம் ஜோடி — 23 டிசம்பர் 2024

பிரேக், அதாவது அடுக்கைக் கலைக்கிற முதல் அடி, யார் எடுக்கிறது? ஓங்கி அடிக்கிறவரா, நிதானக்காரரா?

பழைய ஸ்ட்ரைக்கர் — 23 டிசம்பர் 2024

அடுக்கு சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க. நடுவுல சிவப்பு. அதைச் சுத்தி ஆறு, வெள்ளை கருப்பு மாறி மாறி. அதுக்கு வெளிய பன்னிரண்டு, அதுவும் மாறி மாறி. உள் வட்டத்து வெள்ளைக்கு நேர் பின்னாடி வெளி வட்டத்துலயும் வெள்ளை நிக்கணும், அப்பதான் மூணு கிளையா கவட்டை மாதிரி வெள்ளை தெரியும். ஒண்ணோட ஒண்ணு இடைவெளி இல்லாம இறுக்கணும். ஒரு மயிரிழை சந்து இருந்தா அடிச்ச அடி அங்கேயே செத்துடும், காயின் ஒரு பக்கமாத்தான் சிதறும்.

நிதானக்காரர் எடுக்கட்டும். ஓங்கி அடிச்சுப் போர்டு முழுக்கச் சிதறவிட்டு ஒண்ணும் விழலைன்னா, திறந்த போர்டை அப்படியே கடல்காரன் கையில கொடுத்த மாதிரி. கவட்டையோட ரெண்டு கிளை எதிர் மூலைகளைப் பார்க்கிற மாதிரி திருப்பி வச்சு, முக்கால் பலத்துல அடிச்சா ஒரு வெள்ளையாவது விழ வாய்ப்பு உண்டு, விழலைன்னாலும் நடுவுல கொத்து மிச்சம் இருக்கும். கொத்து இருக்கிற வரைக்கும் சிவப்பும் அதுக்குள்ள பத்திரமா இருக்கும்.

சிவப்பைப் பத்தி: குறைஞ்சது ஒரு சொந்தக் காயின் விழுந்திருந்தாத்தான் சிவப்பைத் தொடலாம். போட்டதும் அடுத்த அடியிலேயே ஃபாலோ, அதாவது சொந்தக் காயின் ஒண்ணு, போடணும், அதுவும் அதே ஆள்தான். பார்ட்னர் வந்து போட்டுக்குவார்னு விட முடியாது. அதனால உண்டியல்ல காயின் இருந்தாலும் உங்களுக்கு அது ஃபாலோவுக்கு ஆகாது, அது உங்க மடியில இருக்கு. உங்க எதிர்ப் பக்கத்துல தயாரா ஒண்ணு நின்னாத்தான் சிவப்புக்குப் போங்க. ஜோடிகள் சிவப்பைப் போட்டுட்டு ஃபாலோ இல்லாம முழிக்கிறது இதனாலதான்.

25 பாயின்ட் ஆட்டத்துல சிவப்புக்கு 3. நீங்க 22ஐத் தொட்டுட்டா சிவப்பு உங்களுக்குப் பூஜ்யம். அதுக்கு மேல அதைத் துரத்தாதீங்க, எதிரணி எடுக்காம பார்த்துக்கிட்டா போதும்.

உருளையன்பேட்டை — 26 டிசம்பர் 2024

இழை கொஞ்சம் வேற பக்கம் போனா மன்னிக்கணும். போன மாசம் அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில நம்ம வடசென்னை காசிமா மூணு தங்கம்: தனி, இரட்டையர், அணி. ரெண்டுலயும் கை வச்சிருக்காங்களே, ஒருத்தரே சிங்கிள்ஸ் கையையும் டபுள்ஸ் கையையும் மாத்திக்க முடியும்னுதானே அர்த்தம்?

பழைய ஸ்ட்ரைக்கர் — 26 டிசம்பர் 2024

முடியும். ரெண்டையும் தனித்தனி ஆட்டமா பழகினா. இளவழகி 2008ல பிரான்ஸ்ல கான் நகரத்துல உலகப் பட்டம் வாங்கினாங்க. மரியா இருதயம் 1991லயும் 1995லயும் உலகச் சாம்பியன், கேரத்துக்காக அர்ஜுனா விருது வாங்கினவர். சர்வதேச கேரம் கூட்டமைப்பே 1988ல சென்னையில ஆரம்பிச்சதுதான். வடசென்னைச் சந்துக்கெல்லாம் இவ்வளவு வருதுன்னா கடற்காத்து ஒரு சாக்கு இல்ல. அங்கயும் கடல்தான்.

முத்தியால்பேட்டை — 26 டிசம்பர் 2024

கான்னு சொன்னதும் பாண்டிக்காரனுக்கு ரோஷம் வருது. பிரெஞ்சுக்காரங்க பேபி ஃபூட்னு கம்பியில பொம்மை கோத்து சுத்துற மேசைக் கால்பந்தைத்தான் ஜோடி ஜோடியா ஆடுவாங்க. அதுல மைனஸ் கிடையாது, போரிக் பவுடர் கிடையாது, மணிக்கட்டு வலி மட்டும் உண்டு.

தேவனாம்பட்டினம் ஜோடி — 2 ஜனவரி 2025

போட்டியை நடத்துற பொறுப்பும் எங்க தலையில விழுந்திருக்கு. 16 ஜோடி நாக் அவுட், 15 ஆட்டம், ரெண்டு போர்டு. ஆட்டத்துக்கு 25 நிமிஷம். 15ஐ 25ஆல பெருக்கி ரெண்டா வகுத்தா மூணு மணி நேரம் சொச்சம். சரியா வருமா?

வில்லியனூர் டபுள் கட் — 2 ஜனவரி 2025

வராது. இறுதி ஆட்டத்தை ரெண்டு போர்டுல பிரிச்சு ஆட முடியாதுல்ல. முதல் சுற்று 8 ஆட்டம் நாலு தடவை, கால் இறுதி ரெண்டு தடவை, அரை இறுதி ஒண்ணு, இறுதி ஒண்ணு. மொத்தம் எட்டு தடவை. நடுவுல துடைச்சுப் பவுடர் போட 5 நிமிஷம் சேர்த்தா தடவைக்கு 30. சரியா நாலு மணி நேரம். மதியம் 3 மணிக்கு ஆரம்பிச்சா 7க்குப் பரிசு. இறுதி ஆட்டம் விளக்கு வச்சப்புறம் வரும், ஈரம் இறங்குற நேரம். அந்தப் பல்பு கதையை மறக்காதீங்க.

பழைய ஸ்ட்ரைக்கர் — 3 ஜனவரி 2025

முழு ஆட்டம் 25 பாயின்ட் அல்லது 8 போர்டு. போர்டுன்னா இங்க ஒரு தடவை காயினை அடுக்கி ஆடி முடிக்கிறது. 25 நிமிஷத்துல டபுள்ஸ்ல 8 போர்டு முடியவே முடியாது. 4 போர்டுன்னு வரம்பு வச்சு, அதுல யார் அதிகமோ அவங்க ஜெயிச்சாங்கன்னு முன்னாடியே எழுதி ஒட்டிடுங்க. சமமா நின்னா ஒரு போர்டு கூடுதல். ஒரு போர்டுல அதிகபட்சம் 12தான் எடுக்க முடியும், அதனால மூணாவது போர்டு முடிஞ்சு 13 பின்தங்கினா நாலாவது ஆட வேண்டியதே இல்ல. நேரம் மிச்சம்.

புது போர்டு வாங்கினா "29 இன்ச்"ங்கிறது உள்ளளவா வெளியளவான்னு டேப் வச்சுப் பாருங்க. ஆடுற பரப்பு 73.5லேர்ந்து 74 சென்டிமீட்டர் வரணும். சட்டத்தையும் சேர்த்து 29னு விக்கிற போர்டுல குழி தூரமெல்லாம் சுருங்கி, இத்தனை நாள் பழகின கை வீணாயிடும்.

நடுவருக்கு நாலே விஷயம் போதும். முழங்கை பலகைக்குள்ள வரக்கூடாது. மூலை அம்புக் கோட்டை நீட்டினா வர்ற கற்பனைக் கோட்டைத் தாண்டி கையைத் தவிர உடம்பு போகக்கூடாது. நாற்காலியை நகர்த்தக்கூடாது. பார்ட்னருக்குச் சாடை காட்டக்கூடாது. கடைசி விஷயத்துல கொஞ்சம் கறாரா இருங்க. இருமல் சாடை நம்ம ஊர்ல ரொம்பப் பழசு.

தேவனாம்பட்டினம் ஜோடி — 11 ஜனவரி 2025

கடைசிக் கேள்வி. நான் ஓங்கி அடிக்கிறவன். பார்ட்னர் நிதானம். யார் எந்தப் பக்கம் உக்கார்றது? எதிர் எதிரேதானே, எப்படி இருந்தா என்ன?

பழைய ஸ்ட்ரைக்கர் — 11 ஜனவரி 2025

ரெண்டும் ஒண்ணு இல்ல. நீங்க விட்டுட்டுப் போற போர்டு உங்க வலது கை எதிராளிக்குப் போகும். எதிரணியில பலமான ஆள் யாரோ, அவர் நிதானக்காரரோட வலது கையில வரணும். அப்பதான் பலமானவருக்கு எப்பவும் அடைச்ச போர்டு போகும். நீங்க சிதறவிட்டது அவங்கள்ல சுமாரானவருக்குப் போகும். டாஸ்ல ஸ்ட்ரைக்கா பக்கமான்னு யோசிக்கும்போதே இதைக் கணக்குல வைங்க. முடிஞ்சா அவங்க உக்கார்ற வரைக்கும் செருப்பைக் கழட்டுற சாக்குல நின்னுக்கிட்டிருங்க.

வில்லியனூர் டபுள் கட் — 11 ஜனவரி 2025

அவங்களும் இந்த இழையைப் படிச்சிருந்தா நாலு பேரும் செருப்பைக் கழட்டிக்கிட்டே நிப்பீங்க.

தேவனாம்பட்டினம் ஜோடி — 12 ஜனவரி 2025

பவுடர் கால் கிலோ வாங்கியாச்சு, வெயில்ல காயுது. 100 வாட் பல்பு திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு பழைய எலக்ட்ரிகல் கடையில ரெண்டு கிடைச்சுது. ரசமட்டம் பக்கத்து வீட்டுக் கொத்தனார் தர்றேன்னுட்டார், பொங்கலன்னிக்கு அவருக்கும் வேலை இல்லையாம். அவரும் ஒரு ஜோடியில பேர் கொடுத்திருக்கார்.